வாயில் வராத பெயர்

போன ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு காலையில், சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் நடந்தது இது.

என் கணவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சில வருடங்களாக மறதி நோய். திருநெல்வேலி டாக்டர் அவரை வீட்டுக்குள் பூட்டி வைக்க வேண்டாம் என்றார். அக்கம்பக்கத்தில் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், பேசுகிறவர்கள் முகத்துக்கு நேரே நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பேசட்டும் என்றார். நானே வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்.

தெரு தங்கமான தெரு. அவர் வழி தவறினால் ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் கூட்டிவந்து விடுவார்கள். எதிரே இட்லி மாவு அரைத்து விற்கிறவள், அவர் பெயரோடு அண்ணாச்சி சேர்த்து, “வாங்க, இங்கன உக்காருங்க” என்பாள். உடனே திரும்புவார். முகமெல்லாம் சிரிப்பாகப் போய் உட்கார்ந்து மாவு பாக்கெட்டுகளுக்கு ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுப்பார். நான் வாசலில் நின்று, “ஏங்க, சாப்பிட வாங்க” என்று தொண்டை கிழியக் கத்தினாலும், யாரோ யாரையோ கூப்பிடுவதுபோல இருப்பார்.

எனக்கு வயிறு எரிந்தது. என்னத்துக்கு மறைக்க வேண்டும்? மாவு புளிக்கிறது என்று சாக்குச் சொல்லி வேறு கடைக்கு மாறினேன். அப்படியும் ஆறாமல் ஒருநாள் கேட்டே விட்டேன். “எம் புருசன என்ன சொல்லி மயக்கி வச்சிருக்க?”

அவள் கோபப்படவில்லை. “நீங்க சொன்னதத்தானக்கா செய்யுதேன். பேரச் சொல்லிக் கூப்பிடுதேன். நீங்களும் கூப்பிட்டுப் பாருங்க.”

எப்படிக் கூப்பிடுவது? கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து அந்தப் பெயர் என் வாயில் வந்ததில்லை. கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால்கூட மகள்தான் சொல்லுவாள்.

அந்த ஐப்பசிக் காலையில் நான் காய்கறி வாங்கித் திரும்புவதற்குள் ஆளைக் காணோம். பஸ் ஸ்டாண்டில் பார்த்த யாரோ ஆட்டோ ஸ்டாண்டுக்கு போன் செய்திருந்தார்கள். ஆட்டோவில் போய் இறங்கினால், ராஜபாளையம் பஸ்ஸில் நடு சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். பஸ் கிளம்பிவிட்டது. ஓடிப்போய், “ஏங்க!” என்று கத்தினேன். பஸ்ஸிலிருந்த ஆண்களில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மட்டும் பார்க்கவில்லை.

கண்டக்டர் விசில் ஊதி பஸ்ஸை நிறுத்தினார். விவரம் சொன்னேன். “அவுக பேரு என்னம்மா? நான் கூப்பிடுதேன்” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. முன்பின் தெரியாத இவர் கூப்பிட்டும் அவர் திரும்பிச் சிரித்துவிட்டால், நான் எதற்கு? “நீங்க வேண்டாம்” என்றேன். கண்ணை மூடிக்கொண்டு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பதற்றத்தில் மாவுக்கடைக்காரியின் அண்ணாச்சியும் சேர்ந்து வந்துவிட்டது. கட்டின புருஷனை! பஸ்ஸில் யாரோ சிரித்தார்கள்.

அவர் திரும்பினார். அதே சிரிப்பு, எனக்கே எனக்கு. எழுந்து இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஊரையே ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

ஆட்டோவை நோக்கி நடக்கும்போது மெதுவாகச் சொன்னார்: “என்னைய வீட்டுல கொண்டு விடுதியா தாயி? அவ தேடுவா. பாவம், ஒன்னைய மாதிரி பேரச் சொல்லிக் கூப்பிட வராது அவளுக்கு.”

நான் அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

இப்போது தெருவோடு சேர்ந்து நானும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். திரும்புகிறார், சிரிக்கிறார், வேளைக்குச் சாப்பிடுகிறார். மாவும் பழையபடி எதிர்க்கடையில்தான் வாங்குகிறேன், அவள்மேல் எனக்கு இப்போது ஒன்றுமில்லை. என் பொறாமையெல்லாம் பெயர் சொல்லத் தெரியாத அந்த ஒருத்திமேல்தான்; அவளிடம் போய்ச் சேரத்தானே அவர் தினமும் என் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்.