கழிமுகத்தில் என்ஜினை அணைத்த காலை

1. படகு நின்ற இடம்

என்ஜினை அணைத்த பிறகுதான் அந்த மூச்சுச் சத்தம் கேட்டது. இடப்பக்கம் ஒன்று. கொஞ்ச நேரம் கழித்துப் பின்னால் ஒன்று. அப்புறம் படகுக்கு அடியிலிருந்தே வருவது போல இன்னொன்று. பனி மூடியிருந்ததால் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. படகில் பதினெட்டுப் பேர் இருந்தோம். அதில் ஏழு பேர் பிள்ளைகள்.

நான் பிலோமினா. மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்துத் தேநீர்க் கடையில் வெளியூர்க்காரர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பிறகு டூர் கைடு ஆனேன். இப்போதும் வாரநாளில் கடை, சனி ஞாயிறில் டூர். தோட்டத்துக் குடும்பங்களை வேனில் ஏற்றி, தாப்பா வழியாக இறங்கி, கடலோரத்தில் டால்பின் பார்க்கக் கூட்டிப்போவேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், “அக்கா, ரூல்ஸ் எல்லாம் தெரியும்லா” என்கிறார்கள். எனக்கும் எல்லாம் தெரிந்துதான் இருந்தது.

ஐம்பது மீட்டருக்குள் போகக்கூடாது. துரத்தக்கூடாது. தீனி போடக்கூடாது. அதுவாகக் கிட்டே வந்தால் நியூட்ரல் போட்டு நிற்க வேண்டும். பிள்ளைகள் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றக்கூடாது. இதை வேனிலேயே ஒருமுறை, படகுத்துறையில் ஒருமுறை ஒப்பித்துவிடுவேன். அன்றும் ஒப்பித்தேன்.

2. “கொஞ்சம் மட்டும், பாக்”

அன்றைய டூருக்கு ஆள் சேர்த்தவர் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி பெருமாள். கொழுந்து பறிக்கும் செல்வி அக்கா தன் இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்தார். படகோட்டி பாக் டின், அந்தக் கழிமுகத்திலேயே பிறந்து வளர்ந்த மலாய்க்காரர். பாக் என்பது அங்கே பெரியவர்களை மரியாதையாகக் கூப்பிடும் மலாய்ச் சொல். அதிகம் பேசமாட்டார்.

ஒரு மணி நேரம் ஒன்றுமே தென்படவில்லை. இரண்டு பக்கமும் சதுப்புக்காடு, நடுவில் சேற்று நிறத் தண்ணீர். பிள்ளைகள் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது பாக் டின் என்ஜினை அணைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

தூரத்தில் ஒரு மொட்டைத் தலை எழுந்தது. அங்குள்ள டால்பினுக்கு நீள மூக்கு கிடையாது. உருண்டைத் தலை. யாரோ கழுத்தளவுத் தண்ணீரில் நின்று நம்மைப் பார்ப்பது போல இருக்கும். அதன் தலைமேல் சாம்பல் நிறத்தில் ஏதோ கிடந்தது. நழுவி விழுந்தது. தலை முங்கிப்போய் அதை மறுபடி தூக்கிக்கொண்டு வந்தது. மறுபடி நழுவியது. மறுபடி தூக்கியது.

“பந்து விளையாடுது!” என்று ஒரு பையன் கத்தினான். எல்லாரும் கைதட்டினார்கள்.

கிராணி கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தார். “இங்கேருந்து என்னம்மா தெரியும் பிலோ? கிட்ட போகச் சொல்லு. பிள்ளைங்க இவ்ளோ தூரம் வந்திருக்குங்கலா.”

பாக் டின் மலாயில் என்னிடம் மட்டும் சொன்னார். “வேணாம். அது குட்டி. செத்துப்போச்சுன்னு நினைக்கிறேன். தாய் விடமாட்டேங்குது.”

அதை நான் யாருக்கும் எடுத்துச் சொல்லவில்லை. கைதட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தேன். ஒரு மணி நேரம் சும்மா சுற்றியது என் கணக்கில்தான் விழும் என்று நினைத்தேன். “கொஞ்சம் மட்டும், பாக்” என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்ஜினைக் கிளப்பினார்.

இருபது மீட்டர் இருக்கும்போது தாய் முங்கிவிட்டது. குட்டி மட்டும் மிதந்தது. காட்டுப் பக்கமிருந்து பனி எங்கள்மேல் இறங்கியது. மலையில் தினம் பார்க்கிற பனிதான். ஆனால் அங்கே காலுக்குக் கீழே மண் இருக்கும். பாக் டின் என்ஜினை அணைத்தார். அப்போதுதான் நான் முதலில் சொன்ன மூச்சுச் சத்தம் எங்களைச் சுற்றி வந்தது. ஆறோ ஏழோ இருக்கும். ஒன்றுகூட முகத்தைக் காட்டவில்லை.

“என்ஜின் போடுங்க, போயிடலாம்” என்றேன்.

“எப்படிப் போடறது? அடியில நிக்குதுங்க. புரொப்பெல்லர் கிழிச்சிடும்.”

படகின் பக்கவாட்டில் ஏதோ மெதுவாக இடித்தது. நின்றது. மறுபடி இடித்தது. குட்டிதான். அலை அதை எங்களிடம் கொண்டுவந்திருந்தது. கிராணி ஒரு கையில் கைப்பேசியோடு குனிந்து, அதைப் புரட்டிப் பார்க்க மறு கையை நீட்டினார். செல்வி அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். தோட்டத்தில் கிராணியை நிமிர்ந்துகூடப் பார்க்காதவர்.

“கையை எடுங்க கிராணி. தாய் பாத்துக்கிட்டு இருக்கு.”

“எங்க?”

“கீழ.”

நாங்கள் குனிந்து பார்த்தோம். கலங்கிய தண்ணீரில் ஒரு முழ ஆழத்தில் வெளிறிய உருவம் ஒன்று அசையாமல் நின்றது. சாய்ந்து, ஒற்றைக் கண்ணால் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. கிராணி கையை இழுத்துக்கொண்டார்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று எனக்குத் தெரியவில்லை. நீரோட்டம் படகைக் கடல் பக்கம் இழுத்துக்கொண்டே போனது. மூச்சுச் சத்தமும் கூடவே வந்தது. கடைசியில் அந்தத் தலை எழுந்து, குட்டியைத் தூக்கிக்கொண்டு பனிக்குள் போனது. மற்றவையும் ஒவ்வொன்றாக விலகின. சத்தம் முழுக்க அடங்கிய பிறகும் பாக் டின் வெகுநேரம் காத்திருந்துதான் என்ஜினைத் தொட்டார். திரும்பி மலையேறும்போது வேனில் யாரும் பாட்டுப் போடச் சொல்லவில்லை.

3. வீடியோவில் கேட்டது

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் கிராணி தேநீர்க் கடைக்கு வந்தார். தேநீர் வேண்டாம் என்றார். கைப்பேசியை என் காதில் வைத்தார்.

“படத்தைப் பாக்காத. கேளு.”

நாங்கள் முதலில் தூரத்தில் நின்றபோது எடுக்க ஆரம்பித்தது. பிள்ளைகளின் கைதட்டல். அது ஓய்ந்ததும் தாயின் நீளமான மூச்சு. அதை ஒட்டியே சின்னதாக, அவசரமாக இன்னொன்று. மூன்று தடவை அப்படிக் கேட்டது. பிறகு எங்கள் என்ஜின் கிளம்புகிற சத்தம். அதற்கு அப்புறம், என்ஜினை அணைத்த பிறகும், நீள மூச்சுகள் மட்டும்தான்.

“அந்தச் சின்ன மூச்சு யாரோடது பிலோ?” என்றார். “வூட்டுல யாருகிட்டயும் காட்டல. அழிக்கவும் மனசு வரல.”

அதை என் கைப்பேசிக்கு அனுப்பச் சொன்னேன். அடுத்த டூரில் அந்த வீடியோவை பாக் டின்னிடம் கொடுத்தேன். அவர் படகுத்துறைப் பலகையில் உட்கார்ந்து இரண்டு தடவை கேட்டார்.

“செத்துப்போச்சுன்னுதானே சொன்னீங்க, பாக்?”

“சொன்னேன். அங்கேருந்து பாத்து சொன்னேன்.” கைப்பேசியைத் திருப்பித் தந்தார். “வேற குட்டியா இருக்கலாம். அதுவாவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது பிலோ. நமக்குத் தெரியாததாலதான் தூரத்துல நிக்கிறோம்.”

ரூல்ஸ் எதற்கு என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. எவ்வளவு தூரம் என்பதை மட்டும்தான் அதுவரை மனப்பாடம் செய்திருந்தேன். இப்போது ஐம்பது மீட்டரிலும் நிற்பதில்லை, நூறிலேயே நிறுத்தச் சொல்கிறேன். எதைப் பார்த்தாலும் பாக் டின் சொல்வதை அப்படியே குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்கிறேன், பிள்ளைகள் இருந்தாலும். சிலர் முகத்தைச் சுளிப்பார்கள், ஒன்றுமே தெரியவில்லை என்று குறை சொல்வார்கள். சொல்லட்டும்.