பரமேஸ்வரியின் நிறம்

காலை ஐந்தே முக்காலுக்குக் கொழும்பில் பஸ் ஏறினேன். ஹட்டனுக்கு அறுநூற்று நாற்பது ரூபாய். கித்துல்கலை தாண்டியதும் வண்டி மலையேறத் தொடங்கியது. கினிகத்தேனையில் நிறுத்தியபோது கோப்பை ஐம்பது ரூபாய்க்குப் பிளேன்டீ குடித்தேன். பால் ஊற்றாத டீயை மனுஷன் குடிப்பானா என்று மதுரையில் வாய் பேசியவன் நான். அந்தக் குளிரில் இரண்டு கோப்பை உள்ளே போனது.

மதுரையில் முப்பத்தொரு வருடம் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் படங்களைத் திருத்திக் கொடுத்தவன் நான். பருவை அழிப்பது, மூடிய கண்ணைத் திறப்பது, கறுப்பை வெளுப்பாக்குவது. வேலையை விட்டபின் வீட்டில் எல்லோரையும் நச்சரித்துக்கொண்டிருந்தேன். பொறுக்க முடியாமல் மகன் டிக்கெட் எடுத்துக் கொடுத்து, தேயிலை மலையைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தான்.

பத்தே முக்காலுக்கு ஹட்டன். விடுதியில் பையை வைத்ததும், “அக்கரப்பத்தனைப் பக்கம் போயிட்டு வாங்கய்யா, ரோடே அழகா இருக்கும்” என்றார் விடுதிக்காரர். பன்னிரண்டே காலுக்கு அந்த பஸ்ஸைப் பிடித்தேன். கட்டணம் நூற்றுத் தொண்ணூறு.

பக்கத்து இருக்கையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். மடியில் பத்திரிகைத் தாள் சுற்றிய மரச் சட்டம். ஒரு மூலையைப் பிரித்துப் பார்ப்பார், மூடுவார், மறுபடி பிரிப்பார். தலவாக்கலை வருவதற்குள் நாலு தடவை ஆயிற்று. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா?

“படமா?” என்றேன்.

“ஆமாங்கய்யா. நம்ம சம்சாரம். நாளைக்குக் கருமாதி.”

அவர் பெயர் முருகையா. மனைவி பரமேஸ்வரி கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது குளவிக்கூடு கலைந்து, குளவிகள் கொட்டி இறந்துபோனார். இன்றைக்குப் பதினைந்தாம் நாள். படத்தை என் கையில் கொடுத்தார். பால் போன்ற முகம், மயில்நீலப் பட்டு, கழுத்தில் இரட்டை வடச் சங்கிலி. எனக்குத் தொழில் புத்தி முந்திக்கொண்டது.

“வேலை சுத்தமா இருக்குங்க.”

“சுத்தமாத்தாங்க இருக்கு. இது யாருன்னுதான் தெரியல.”

என் நாக்கை அறுத்துப் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

படம் போட்ட ஸ்டூடியோவுக்கு அவரால் கொடுக்க முடிந்தது அடையாள அட்டை ஒன்றுதான், கறுப்பு வெள்ளையில் கட்டைவிரல் அகலப் படம். கல்யாணப் படமெல்லாம் மண்சரிவில் பழைய லய வீட்டோடு போய்விட்டதாம். “மகளுக்காகத்தாங்க பாக்குறேன்” என்றார். “கொழும்புல துணிக்கடையில நிக்குது. சாவுக்கு ஓடி வந்துச்சு. ஆனா மூஞ்சி வீங்கிக் கெடந்துச்சுங்க, பாக்க வேணாம்னு நாங்கதான் மூடிட்டோம். அம்மா மூஞ்சியக் காட்டலன்னு இன்னிக்கு வரைக்கும் எங்கூடப் பேசல. நாளைக்கு இந்தப் படத்துலதான் அது பாக்கணும்.”

நான் என் தொழிலைச் சொன்னேன். சரிசெய்ய முடியுமா என்று பார்க்கிறேன், வரட்டுமா என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு மணிக்கு இறங்கி, தேயிலைக்குள் ஒன்றரை கிலோமீட்டர் ஏறினோம். ரோட்டிலிருந்து பார்க்கும் பச்சை வேறு. மூச்சு வாங்க நடக்கும்போது அது முழங்காலைக் கிழிக்கும் முரட்டுச் செடி. இதில் முதுகில் கூடையோடு எப்படி ஏறுகிறார்கள் என்று கேட்க நினைத்தேன், மூச்சில்லை.

ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்து வீடுகள், அதுதான் லயம். மகள் சிவகாமி வாசலில் படத்தை வாங்கிப் பார்த்தாள். அப்பாவிடம் பேசாதவள் என்னிடம் சொன்னாள்: “இது எங்கம்மா இல்லங்க.” பக்கத்து வீட்டு மாரியாயி எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே போய்த் தன் மாமியார் படத்தை எடுத்து வந்தார். அதே மயில்நீலப் பட்டு, அதே இரட்டை வடம். “நம்ம லயத்துல செத்த பொம்பளைங்க எல்லாத்துக்கும் இதே சீலதாங்க” என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை. என் கம்ப்யூட்டரிலும் அப்படி ஒரு தயார் உடம்பு இருந்தது, தலையை மட்டும் மாற்றுவேன்.

சட்டத்தின் ஆணிகளைக் கழற்றிப் படத்தை வெளியே எடுத்தேன். நல்லவேளை, பளபளப்பில்லாத மங்கல் தாள், தூள் பிடிக்கும். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் பஞ்சில் வண்ணத்தூள் தொட்டுத் தேய்த்துத்தான் படங்களுக்கு நிறம் ஏற்றுவோம். இங்கே தூளுக்கு எங்கே போக? அடுப்படியில் கரி இருந்தது. வீட்டின் பின்சரிவில் செம்மண் இருந்தது. இரண்டையும் துணியில் சலித்தேன். விழுப்புரம் பக்கத்தில் பாறையில் காவியால் தீட்டிய பழங்கால உருவங்களை ஒருமுறை பார்த்திருக்கிறேன். மனிதன் படம் என்று போடத் தொடங்கியபோது அவனிடம் இருந்ததும் ஏறக்குறைய இவ்வளவுதான், மண்ணும் கரியும். வெளுப்பாக்கும் வித்தையை நாங்கள் பிறகு கற்றுக்கொண்டோம்.

“எவ்வளவு கறுப்பு?” என்றேன்.

முருகையா தன் முழங்கையை நீட்டினார். “இந்த அளவுங்க.”

“இல்ல, இத விடக் கறுப்பு” என்றாள் சிவகாமி.

“கன்னம் செவப்பா இருக்கும், வெயில்ல” என்றார் மாரியாயி.

“வெயில்லயே நின்னா எல்லாருக்கும் அப்பிடித்தான். வீட்டுல அப்பிடி இல்ல” என்றாள் சிவகாமி.

பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. மூன்று பேருக்கும் மூன்று பரமேஸ்வரி. யார் சொன்னதையும் தள்ள எனக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் கரி, கொஞ்சம் மண், மறுபடி கரி என்று ஒன்றரை மணி நேரம் பஞ்சால் தேய்த்தேன். நீலப் பட்டையும் சங்கிலியையும் கரியால் மூடிவிட்டேன். நிறம் வந்தது, ஆள் வரவில்லை.

சிவகாமிதான் அடையாள அட்டையை என் கண்ணருகில் பிடித்தாள். “இந்தக் கோடு எங்கங்க?” நெற்றிக்கு மேலே, முடி தொடங்கும் இடத்தில் ஒரு பள்ளம். கூடைக் கயிறு வருஷக்கணக்கில் தலையில் அழுத்திப் பதித்தது. ஸ்டூடியோக்காரர் அதைத் துடைத்திருந்தார். நானாக இருந்தாலும் முதலில் அதைத்தான் துடைத்திருப்பேன். சுண்டுவிரலில் கரி தொட்டு அந்தக் கோட்டை இழுத்தேன்.

சிவகாமி படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தக் கோட்டுக்கு நேரே விரலை நீட்டி, “அப்பா, இங்க வாங்க” என்றாள். பதினைந்து நாளில் அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

முருகையா வந்து பார்த்தார். மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பொண்டாட்டி செத்த அன்றைக்குக்கூட இந்த ஆள் அழவில்லை என்று மாரியாயி என் காதில் சொன்னார். இப்போது அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“அந்த வெள்ளப் பொம்பளைன்னா நாளைக்கு மால போட்டுருவேங்கய்யா. இவ உசுரோட இருக்க மாதிரி இருக்கே, இவளுக்கு எப்பிடிங்க போடுறது?”

ஐந்தரைக்குக் கடைசி பஸ் என்றார்கள். பஞ்சுத்துணுக்கில் மிச்சமிருந்த தூளைத் தட்டிவிட்டு இறங்கினேன். மதுரையில் சாவு வீட்டுப் படங்கள் எத்தனையோ என் கைவழியாகப் போயிருக்கின்றன. கொண்டுவருகிறவர்கள் எல்லோரும், “கொஞ்சம் வெளுப்பா போடுங்கண்ணே” என்பார்கள். அழகுக்காகக் கேட்கிறார்கள் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.