மணிமொழி ஏழு மணிக்குச் சாப்பிட்டாள்

அரசுப் பள்ளியில் காலை உணவு சமைக்கும் மணிமொழி அன்று பொங்கல் அண்டாவை இறக்கிவிட்டு நிமிர்ந்தவள், அப்படியே சுவரோடு சரிந்தாள். உடம்பெல்லாம் வேர்வை, கையெல்லாம் நடுக்கம். தலைமை ஆசிரியை ஷோபனா ஓடிவந்து, டீக்கு வைத்திருந்த சர்க்கரையை வாயில் போட்டாள். கால் மணி நேரத்தில் கண் திறந்ததும் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

நாலேகாலுக்கு எழுந்து, வெறும் டீயோடு சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஆறு மணிக்குள் பள்ளியில் அடுப்பு மூட்டுகிறவள் மணிமொழி. எண்பது பிள்ளைகள் தின்று முடித்து, பாத்திரம் கழுவி, வீட்டுக்கு வந்து ஒரு வாய் வைக்கும்போது பதினொன்று ஆகிவிடும். காலையெல்லாம் நெய் வாசனையிலேயே நின்றால் பசி என்பதே மரத்துப் போகிறது. வயிறு நிறையச் சோறு தின்பது ராத்திரி பத்து மணிக்குத்தான். புருஷன் துரைக்கண்ணு தனியார் பஸ் டிரைவர். அவன் கடைசி நடை முடித்து வந்து சாப்பிட்ட பிறகுதான் இவள் தட்டெடுப்பாள். கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் மகாலட்சுமி என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்கவே இல்லை. எப்போது சாப்பிடுகிறாய் என்றுதான் கேட்டாள். கேட்டுவிட்டு, டாக்டரிடம் பேசிவிட்டு வந்தாள்.

"அக்கா, மாத்திரைய போட்டுட்டு ஆறு மணி நேரம் பட்டினி கெடந்தா மயக்கம் வராம இன்னா வரும்? பொழுது இருக்கும்போது ஒடம்பு சோத்த நல்லா செரிக்கும். ராத்திரி அதுவும் அசந்துடும். பத்து மணிக்குத் தின்னுட்டுப் படுத்தா சர்க்கரை ரத்தத்துலயே நிக்கும். எழுந்ததும் சாப்ட்டுட்டு மாத்திரை போடு. ராத்திரிச் சோத்த ஏழுக்குள்ள முடி."

"அவரு வர்றதே ஒம்பதே முக்காலுக்கும்மா."

"அவரு வரட்டும். நீ சாப்டு."

சொல்லிவிட்டாள். செய்ய வேண்டியவள் இவளல்லவா? விடியுமுன் கேழ்வரகுக் கூழ் இறங்கவில்லை. முதல் இரண்டு நாள் குமட்டியது. அதைக்கூடச் சமாளித்தாள். சாயங்காலம் ஏழு மணிக்குத் தனியாகத் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததுதான் கஷ்டமாக இருந்தது. யாராவது வந்துவிடப் போகிறார்களே என்று கதவைச் சாத்திவிட்டு அவசர அவசரமாக விழுங்கினாள்.

துரைக்கண்ணு வந்தான். ஒரு தட்டுதான் இருந்தது.

"உனக்கு?"

"நான் சாப்ட்டேங்க. நர்ஸம்மா சொல்லிச்சு."

அவன் பாதிச் சோற்றிலேயே கையைக் கழுவினான். பத்துப் பதினைந்து நாள் அந்தப் பேசாத முகத்துக்குத்தான் பரிமாறினாள். ஒருநாள், "ஊட்டுக்கு வந்தா ஓட்டல்ல உக்காந்த மாதிரி கீது" என்றான்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படக்கூடத் தெம்பு வேண்டுமே.

"அன்னிக்கு அடுப்புப் பக்கமா சாஞ்சிருந்தா, ஓட்டலுக்குத்தான் நீ போயிருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மூன்று மாதம் கழித்து ரத்தம் பார்த்தபோது சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருந்தது. இன்னும் இறங்கணும் என்றாள் மகாலட்சுமி. மயக்கம் அதன்பிறகு வரவில்லை. நெஞ்செரிச்சல் இல்லாமல் தூங்கினாள். ஆனால் அலுப்பு போகவில்லை. நாலேகாலுக்கு எழுகிறவளுக்கு அது எங்கே போகும்?

அடுத்த வாரம் துரைக்கண்ணு சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னான்: "தொண்டூர்ல ஏழு மணிக்கு வண்டி இருபது நிமிஷம் நிக்குது. டப்பால போட்டுக் குடுத்தா அங்கியே சாப்ட்டுடுவேன். எனுக்கும் ராத்திரி தின்னா வயிறு உப்பிக்கினு கெடக்குது."

அப்படியானால் அஞ்சரைக்கு வண்டி ஸ்டாண்டுக்கு வரும்போதே சோறு ஆகியிருக்க வேண்டும். மத்தியானம் சாய்கிற அரை மணி நேரமும் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

"செய்யறேன். ஸ்டாண்டு வரிக்கும் நடக்க என்னால ஆவாது. நீயே வந்து எடுத்துக்கோ."

மறுநாள் அஞ்சரைக்கு வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு, காக்கிச் சட்டையோடு மூச்சு வாங்க வந்து வாசலில் நின்றான். டப்பாவைக் கொடுத்தாள். "சூடா கீது, பாத்துப் புடி" என்றாள்.