கருங்கழுத்தியை விரட்டியவன்

புறா விடுகிறவன் சொல் எங்கள் அலெப்போவில் சாட்சிக்குச் செல்லாது. காஜி முன்னால் மட்டுமா, என் கடை பெஞ்சில்கூடச் செல்லாது. காரணம் இருக்கிறது. அடுத்தவன் புறா இவன் மாடியில் இறங்கினால் பிடித்து அடைத்துக்கொள்வான். உரியவன் வந்து கேட்டால், "உன் புறாவா? நான் கண்ணாலகூடப் பாக்கலியே! பொய்யின்னா என் பொண்டாட்டிமேல மூணு தலாக்!" என்று சத்தியம் பண்ணுவான். புறா அவன் சட்டைக்குள்ளேயே முனகிக்கொண்டிருக்கும்.

இந்தக் கூட்டத்திலேயே மகா புளுகன் என் பக்கத்து வீட்டு ஹிக்மத். அவன் செய்த சத்தியங்களையெல்லாம் யாராவது கணக்கில் எடுத்திருந்தால் அவன் பெண்டாட்டி இன்ஆம் அக்கா என்றைக்கோ தாய்வீடு போய்ச் சேர்ந்திருப்பாள். குளிர்காலத்தில் சோப்புப் பட்டறையில் கட்டி அறுப்பான். மற்ற நாளெல்லாம் மாடிதான். கையில் கறுப்புத் துணி கட்டிய நீளக் கம்பு, வாயில் சீழ்க்கை. எனக்குப் புறாவே ஆகாது. மொச்சை வேகவைத்து விற்கிறவன் நான். அண்டாவைத் திறந்தால் போதும், மேலிருந்து எச்சம் விழும். ஹிக்மத்தைத் திட்டாமல் என் கடை திறந்ததில்லை. திட்டிவிட்டு அவன் கிண்ணத்தில் ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றாமலும் இருந்ததில்லை, அது வேறு கதை.

அவனுக்கு ஜென்மப் பகைவன் நஸ்மி. இரண்டு வீடு தள்ளி, உம்மு வஜீஹ் என்கிற வீட்டுக்காரம்மாவின் மாடியறையில் குடியிருந்தான். பெண்டாட்டி இறந்து வெகு காலம் ஆகிவிட்டது, பிள்ளை குட்டி கிடையாது. அந்த அறையும் புறாக் கூடும்தான் அவனுக்கு உலகம்.

கோடை முடிகிற சமயம். ஹிக்மத் உயிரை வைத்திருந்த ஒரு பெட்டை உண்டு, உடம்பெல்லாம் வெள்ளை, கழுத்து மட்டும் கறுப்பு. கருங்கழுத்தி என்று கூப்பிடுவான். ஒருநாள் சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்தில் அது நஸ்மியின் கூட்டத்தோடு கலந்து அவன் மாடியில் இறங்கிவிட்டது. நஸ்மி லபக்கென்று பிடித்துவிட்டான். ஹிக்மத்துக்குக் கண்மண் தெரியாத கோபம். கல்லை எடுத்து நஸ்மியின் புறாக்களைப் பார்த்து வீசினான். கல் புறாவில் படவில்லை. அதே மாடியின் அடுத்த பக்கத்தில் தக்காளி விழுது காயவைத்துக் கிளறிக்கொண்டிருந்த உம்மு வஜீஹின் புருவத்தில் போய் விழுந்தது. அவள் அலறிய அலறல் என் கடைவரை கேட்டது. ஹிக்மத் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்துவிட்டான். யாரும் பார்க்கவில்லை.

கண் மூடிக்கொண்டு வீங்கிவிட்டது. பார்வை தப்புமா என்று டாக்டரே இழுத்தார். பழி நேராக நஸ்மி தலையில் விழுந்தது. அன்று காலையில்தான் தக்காளித் தட்டில் புறா எச்சம் விழுந்ததென்று அவளுக்கும் அவனுக்கும் வாய்ச்சண்டை நடந்திருந்தது. அவள் மகன் வஜீஹ் கசாப்புக்காரன். நஸ்மியைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தான்.

"வெள்ளிக்கிழமை ஜும்மா முடியறப்ப நீ இங்க இருக்கக் கூடாது. இருந்தே, கூடும் நீயும் தெருவுல கிடப்பீங்க!"

"நான் எறியலப்பா! என் பொண்டாட்டிமேல மூணு தலாக்!"

"செத்துப்போனவள எப்படிடா தலாக் சொல்லுவே?"

தெருவே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

மறுநாள் ஹிக்மத் கடைக்கு வந்தான். கிண்ணத்தை வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"என்னடா, மொச்சையில புழு கிடக்கா?" என்றேன்.

"தொண்டைல இறங்கல ஸலூம்." பிறகு மெல்ல எல்லாவற்றையும் சொன்னான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வாய மூடிக்கிட்டு இரு. வஜீஹ் கையில கத்தியோட பொழைக்கிறவன். நஸ்மி போனா உனக்குத்தான் லாபம். மனசு கேக்கலேன்னா போய் இமாமைக் கேளு."

"அவரக் கேக்க என்ன இருக்கு? கல்ல எறிஞ்சவன் ஒருத்தன், வீட்ட விட்டுப் போறவன் இன்னொருத்தன். இது தப்புன்னு யாராவது கிதாபப் பாத்துச் சொல்லணுமா? பால்குடிப் புள்ளைக்குக்கூடத் தெரியும்டா." ரொட்டியைப் பிய்த்தான், திரும்ப வைத்தான். "முப்பது வருஷமாப் புளுகறேன். ஒரு நாள் தூக்கம் கெட்டதில்ல. புறாப் பொய்ய நான் சொல்லுவேன், அவனும் சொல்லுவான், ரெண்டு பேருக்கும் தெரியும். இது அப்படியில்ல. யாரும் பாக்கலன்னு எனக்கு நானே சொல்லிக்கிறேன். உள்ள இருந்து ஒருத்தன், நான் பாத்தேன்டாங்கறான். அவன் வாய எப்படி மூடறது, சொல்லு?"

கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை வந்தது. நஸ்மியின் மெத்தையும் பாத்திரமும் தெருவுக்கு வந்துவிட்டன. கூட்டை மட்டும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். தொழுகை முடித்து வந்த கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஹிக்மத் நடுவில் போய் நின்றான்.

"அவன விடு வஜீஹ். கல்ல எறிஞ்சவன் நான்."

வஜீஹ் கைகொட்டிச் சிரித்தான். "அடேயப்பா! கருங்கழுத்தி இப்ப நஸ்மி கூட்டுல இருக்கு. பழிய நீ ஏத்துக்கோ, புறாவ நான் திருப்பித் தரேன்னு பேரமா? புறாக்காரப் பயலுவளா!"

"உண்மைதான்ப்பா," என்று நான் குறுக்கே விழுந்தேன். "நீ அவனுக்குக் கரண்டி கூடுதலா ஊத்தற ஆளு, ஒதுங்கு!" என்று என்னையும் தள்ளினார்கள்.

ஹிக்மத்துக்குப் பதற்றம். பழக்கதோஷம் விடுமா? "சத்தியமாச் சொல்றேன், என் பொண்டாட்டிமேல மூணு..."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மேலே ஜன்னல் படாரென்று திறந்தது. "ஏ மனுஷா! உண்மையச் சொல்றப்பவாவது என்னை விட்டுத் தொலையேன்!" என்று இன்ஆம் அக்கா கத்தினாள்.

ஹிக்மத் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு நஸ்மி பக்கம் திரும்பினான்.

"நஸ்மி, கருங்கழுத்தி இனி உன்னோடது. மனசார விட்டுட்டேன். எல்லாரும் கேட்டுக்குங்க. அவ என் மாடியில வந்து எறங்கினாலும் நான் பிடிக்க மாட்டேன்."

கூட்டத்தில் இருந்த புறாக்காரர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். வாசற்படியில் கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்த உம்மு வஜீஹ் எழுந்தாள்.

"புறாவுக்காகப் பொய் சொல்லுவானுவ. புறாவ விடறதுக்குப் பொய் சொன்னவன் இந்த ஊர்ல பொறந்திருக்கானாடா? மெத்தைய மேல கொண்டு போ வஜீஹ்." பிறகு ஹிக்மத்தை ஒற்றைக் கண்ணால் முறைத்தாள். "பாவி! என் கண்ணப் பறிக்கப் பாத்தியே. தக்காளிய இனி யாரு கிளறுவா?"

அந்தப் பருவம் முழுக்க அவன்தான் கிளறினான். வெயிலில் கறுத்துப் போய், கைமுழுக்கச் சிவப்பாக வந்து நிற்பான். அவளுக்குக் கண் பிழைத்தது, புருவத்தில் தழும்பு நின்றுவிட்டது.

கொஞ்ச நாளில் நஸ்மி சட்டைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தான். "எடுத்துக்கடா. யாருக்கும் தெரியாது," என்றான்.

"நான் வாங்கினா அன்னைக்குச் சொன்னது புளுகாயிடும். கொண்டு போ," என்று ஹிக்மத் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

புறாவுக்கு இந்த நியாயமெல்லாம் தெரியுமா? அது பிறந்தது ஹிக்மத் மாடியில். நஸ்மி பறக்கவிட்டதும் நேராக அங்கேதான் வரும். ஒருநாள் கிண்ணத்தோடு நானே ஹிக்மத் மாடிக்குப் போனேன். கருங்கழுத்தி அவன் காலடியில் நின்று கழுத்தை ஆட்டிக்கொண்டிருந்தது. அவன் கம்பை ஓங்கியபடி நின்றான்.

"போடி. உன் வீட்டுக்குப் போ. போம்மா."

அது நகரவில்லை. அவன் காலைத் தரையில் ஓங்கி மிதித்தான். சடசடவென்று எழும்பியது, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நஸ்மி மாடிக்குப் போய் இறங்கியது. ஹிக்மத் சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். நானும் நஸ்மி மாடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். புறாவே ஆகாத நான்!

பிறகு சட்டைக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினான்.

"கொண்டா ஸலூம், பசிக்குது."

கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டான்.