பழைய வீடியோ கேம் பெட்டியும் என் டிரிம்மரும்

எனக்கு வயது எழுபத்திரண்டு. நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது, அதனால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு, தை பிறந்த சமயம், திருப்பூர் நெருப்பெரிச்சலில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பழைய வீடியோ கேம் பெட்டி வாங்கிச் சரிசெய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு இது உபயோகப்படும்.

என் கடைசி மகன் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தான். அடுக்கிய துணியை வெட்டும்போது வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. யார் மேலும் குறை சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன் ஒரு வருடம் உள் அறையில் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். சோறு போட்டால் சாப்பிடுவான், போடாவிட்டால் கேட்க மாட்டான். மருமகள் வேலைக்கும் பேத்தி பள்ளிக்கூடத்துக்கும் போய்விடுவார்கள். பகல் முழுக்க நானும் அவனும்தான். வீட்டில் இருந்த பூச்சிமருந்தை ஒருநாள் நானே எடுத்துக்கொண்டு போய்க் குழி தோண்டிப் புதைத்தேன். அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

அப்படிப்பட்டவன் ஒரு காலையில் செல்போனை என் முன்னால் நீட்டினான்.

"அம்மா, அவிநாசிபாளையத்துல பழைய சாமான் கடையில ஒண்ணு நிக்குதுங்க. ஒரு எட்டுப் போய்ப் பார்க்கலாமுங்களா?"

காசு போட்டு விளையாடும் வீடியோ கேம், ஆள் உயரப் பெட்டி. பள்ளிக்கூட வயதில் இதன் முன்னால் பழியாய்க் கிடந்தவனை நான் காதைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறேன். ஆனால் ஒரு வருடத்தில் அவன் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான். அன்றைக்கே பஸ் ஏறினோம்.

கடைக்காரர் தெற்கத்திக்காரர். "பேரனுக்கா ஆச்சி?" என்றார்.

"இல்லீங்க, பையனுக்கு."

"எத்தன வயசு?"

"நாப்பத்தொண்ணு."

பின்னால் நின்ற என் மகனைப் பார்த்துவிட்டு, "அப்ப வெளையாடுற வயசுதான்" என்றார். மகனுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பிலேயே நான் பாதி ஏமாந்துவிட்டேன்.

"சிரிச்சது போதுமுங்க, கரண்டப் போட்டுக் காட்டுங்க" என்றேன்.

"போட்டா எரியும் ஆச்சி. இங்கன பிளக்குதான் இல்ல."

அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். எரிந்து காட்டாத பெட்டியை யாரும் வாங்காதீர்கள். நான் துணியில் கறை பார்ப்பதுபோல வெளிப்பக்கத்தை மட்டும் தடவிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்தேன். வீட்டில் இறக்கிய பிறகுதான் அடிப்பலகை தண்ணீரில் ஊறி உப்பியிருந்தது தெரிந்தது. பின்கதவைத் திறந்தால் எலிக்கூடு. வாங்கும்போதே குனிந்து அடியைத் தட்டிப் பாருங்கள், பின்கதவைத் திறக்கச் சொல்லி மோந்து பாருங்கள்.

இன்னொன்று. நான் துடைக்கப் போனபோது அவன் பதறிப்போய், "பின்னாடி கை வெச்சராதீங்மா. பிளக்கப் புடுங்குனாலும் அந்த டியூப்புல கரண்டு நிக்குமுங்க" என்றான். படம் தெரிகிற கண்ணாடிக்குப் பின்பக்கம் தெரியாதவர் கை போகக் கூடாது. உயிர் போகிற விஷயம்.

மூன்று மாதம் அதிலேயே இருந்தான். அடிப்பலகை மாற்றினான், பொத்தான்களைப் புதிதாகப் போட்டான். மிச்சமிருந்த இரண்டு விரல்களுக்கு நடுவில் ஸ்க்ரூ டிரைவரைப் பிடிக்கப் பழகினான். ஒருநாள், "டீயில சக்கரை பத்தலீங்க" என்று குறை சொன்னான். அடுப்படிக்குள் போய் முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். என் பிள்ளை திரும்பி வந்துவிட்டான் என்று நினைத்தேன்.

கடைசியாக மிச்சமிருந்தது, விளையாட்டை ஓட்டுகிற போர்டுக்குப் போகும் ஒயர்கள். அவை சேர்ந்திருந்த, போர்டில் சொருகும் சீப்புப் பல் மாதிரியான பட்டை பச்சை பூத்துப் பொடிந்துவிட்டது. அதை வெட்டி எடுத்துவிட்டு, புதுப்பட்டை வாங்கக் கோயமுத்தூர் கிளம்பினான். விபத்துக்குப் பிறகு தனியாக அவன் பஸ் ஏறியது அன்றுதான்.

அவன் வருவதற்குள் பெட்டியைச் சுத்தமாக வைப்போம் என்று பின்கதவைத் திறந்தேன். டியூப்பைத் தொடவில்லை, சொன்னதைக் கேட்கிறவள்தான். கீழே கொத்தாகத் தொங்கிய கறுப்பு ஒயர்களின் நுனியெல்லாம் கலர் கலராக நூல். சிவப்பு, மஞ்சள், பச்சை, சிலதில் இரண்டு நிறம், மூன்று நிறம். முடிச்சும் பிசிறுமாகப் பார்க்கவே கண்ணை உறுத்தியது.

முப்பத்தோரு வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றவள் நான். கையில் டிரிம்மர் என்கிற குட்டிக் கத்தரி, தைத்து வரும் பீஸில் எங்கே நூல் நீட்டினாலும் வெட்டு. என் டேபிளிலிருந்து ஒரு பீஸ் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. என் டிரிம்மர் இன்னும் அலமாரியில் இருக்கிறது. எடுத்தேன். ஒயரில் ஒரு கீறல் விழாமல் நூலை மட்டும் ஒன்றொன்றாக வெட்டினேன். நாற்பதுக்கு மேல் இருக்கும். ஒயரெல்லாம் மொழுமொழுவென்று ஆனதும் கூட்டி அள்ளிக் குப்பை வண்டியில் போட்டேன். மனசுக்கு நிறைவாக இருந்தது.

அவன் வந்து பின்பக்கம் குனிந்தான். ஒயர் நுனிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான்.

"இங்க நூல் கட்டியிருந்துதுங்களே."

"பிசிறாத் தொங்குச்சு கண்ணு. வெட்டி உட்டுட்டேன்."

"அடையாளமுங்மா அது. எந்த ஒயர் எந்தப் பல்லுக்குன்னு கட்டி வெச்சிருந்தனுங்க."

எல்லாம் ஒரே கறுப்பு ஒயர். பழைய பட்டையில் எது எந்த இடத்தில் இருந்தது என்பதற்கு அந்த நூல்தான் கணக்கு. இது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. தப்புச் செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாயில் அது வரவில்லை. வந்தது வேறு.

"வேலை தெரிஞ்சவன் இப்படியா நூலைத் தொங்க உட்டுட்டுப் போவான்?" என்றேன்.

கட்டிங் மாஸ்டராக இருந்து விரலைக் கொடுத்தவனிடம் சொன்னேன். அவன் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "சரீங்மா" என்றான். அவ்வளவுதான்.

பிறகு ஞாபகத்தில் இருந்ததை வைத்து மூன்று நாள் ஒயர்களைச் சேர்த்துப் பார்த்தான். மூன்றாம் நாள் சுவிட்சைப் போட்டதும் கருகிய வாடை வந்தது, போர்டிலிருந்து புகை எழுந்தது. அந்த மாதிரி போர்டு இப்போது எங்கேயும் கிடைக்காதாம். பின்கதவைச் சாத்தினான். உள் அறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான்.

அவனுடைய மகள், என் பேத்தி, ஒன்பதாவது படிக்கிறாள். சில நாள் கழித்து அவள்தான் சொன்னாள்: "அப்பாவுக்கு ஒரு கையில முடிச்சுப் போட வரலீங் அப்பாயி. ஒரு முனையைப் பல்லுல கடிச்சுக்கிட்டுப் போட்டாருங்க. நான் கட்டித் தரேன்னேன், வேண்டாம்னுட்டாரு." அவன் அதைக் கட்டியது நான் ரேஷன் கடை வரிசையில் நின்ற நாளில். நான் வெட்டியதெல்லாம் அவன் பல்லால் போட்ட முடிச்சு.

அதனால் சொல்கிறேன். ஒயரைக் கழற்றுமுன் அடையாளத்தைக் கட்டினால் மட்டும் போதாது. நோட்டிலும் எழுதி வையுங்கள், போட்டோவும் எடுங்கள், வீட்டில் இருக்கிறவர்களைக் கூப்பிட்டு இது இன்னது என்று காட்டுங்கள். வீட்டில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: கேட்காமல் சுத்தம் செய்யாதீர்கள்.

இரண்டு வருடம் ஆயிற்று. இப்போது சோற்றில் உப்பே போடாவிட்டாலும் அவன் ஒன்றும் சொல்வதில்லை. டாக்டரிடம் அழைத்துப் போகிறோம், மாத்திரை சாப்பிடுகிறான். அவன் எழுந்துவிடுவான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. நான்கு பிள்ளைகளில் ஒருவரிடமும் நான் செய்தது தப்பு என்று இதுவரை சொன்னதில்லை. அதைப் பெருமையாக நினைத்துத்தான் இத்தனை வருடம் தலை நிமிர்ந்து நடந்திருக்கிறேன்.

எழுதியதைப் பேத்தியிடம் நீட்டி, "படிச்சுக் காட்டு கண்ணு, என்ன எழுதியிருக்கேன்னு பார்ப்போம்" என்றேன். அவள் மெதுவாக ஆரம்பித்தாள். நான் எழுந்துபோய் உள் அறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்து, "மொதல்ல இருந்து படி சாமி, கொஞ்சம் சத்தமா" என்றேன்.