எனக்கும் ஒன்று

ஐம்பது வயதைத் தாண்டிய நான், ஹட்டன் பஸ் தரிப்பிடத்தில் ஓர் ஆணுறைப் பொட்டலத்தைக் கண்டு, பாம்பைக் கண்டவன் போலத் துள்ளினேன். எய்ட்ஸ் விழிப்புணர்வைப் பற்றிப் பத்திரிகையில் கட்டுரை எழுதியவன் வேறு.

அதை நீட்டியவர் சந்திரன். போதையிலிருந்து மீண்ட நண்பர்களுடன் வாராவாரம் அங்கே நின்று, எய்ட்ஸ் வராமல் தடுப்பது பற்றிப் பேசுகிறவர்.

"சேச்சே, நான் குடும்பஸ்தன்!" என்று ஊர் கேட்கக் கத்தினேன். எனக்குப் பின்னால் கை நீட்டியிருந்த இளம் லொறிச் சாரதி, சட்டென்று கையை இழுத்துக்கொண்டு நகர்ந்தான்.

சந்திரன் கோபப்படவில்லை. "ஒங்களாட்டம் கண்ணாடி போட்ட ஆளு மொதல்ல வாங்குனா மத்தவங்களுக்கு வெக்கம் போயிரும் சார். அதான் வந்தேன்," என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "நானும் போதை ஊசி போட்டவன்தாங்க. ஒரே ஊசிய மாத்தி மாத்திக் குத்திக்கிட்டோம். எங்கள்ல ஒருத்தன் இப்ப இல்ல," என்றார்.

சந்திரனுடைய மாமியார் வீட்டார் மரக்கறி வாங்கும் சந்தை பக்கத்திலேயே இருந்தது; அவர்கள் காதில் விழுமே என்றுகூட அவர் கூசவில்லை. எனக்கோ பல்வலியைக்கூட வெளியே சொல்லக் கூச்சம்.

"எனக்கும் ஒண்ணு குடுங்க," என்றேன், முன்பைவிடச் சத்தமாக.

சாரதி சிரித்துவிட்டான். திரும்பி வந்து வாங்கிக்கொண்டு, இரத்தப் பரிசோதனை எங்கே என்றும் கேட்டான். சந்திரன் அவன் தோளில் கை போட்டுக் கூட்டிப் போனார். என் கட்டுரையைப் படித்து யாரும் அப்படிக் கேட்டதில்லை.

வீட்டில் பெருமையாகக் கதையைச் சொல்லி, பொட்டலத்தை மேசையில் வைத்தேன். மனைவி அதைப் பார்த்தாள்.

"இதையும் அந்தத் தம்பிக்கே குடுத்திருக்கலாமேங்க. இங்க சும்மாதானே கெடக்கப்போவுது."