பஸ் எங்கே என்று யாரும் கேட்கவில்லை

செய்து பார்த்தே கற்றுக்கொள்ள வேண்டிய தொழில்களில், சமையலுக்கு அடுத்தபடியாக ஊராரின் பொறுமையைச் சோதிப்பது புராடக்ட் மேனேஜ்மென்ட்தான். எதைச் செய்வது, யாருக்குச் செய்வது, செய்தால் தொடுவார்களா என்று முடிவு செய்கிற வேலை. மாமனார் வீட்டில் உங்கள் உத்தியோகத்தை விளக்க முயன்று தோற்றவராக நீங்கள் இருந்தால், என் கஷ்டம் உடனே புரியும்.

ஓசூரில் ஒரு பேக்கரி மாடியில் இதைச் சொல்லித் தருகிறேன். பரீட்சை கிடையாது, ஏதாவது ஒன்றைச் செய்து நாலு பேரைப் பயன்படுத்த வைக்க வேண்டும். இந்த முறை கிடைத்தது, ஒரு தொழிற்சாலையின் கம்பெனி பஸ்ஸுக்கு ஒரு ஆப். தொழிலாளர்கள் பயன்படுத்தினால் கம்பெனி எடுத்துக்கொள்ளும். அதைக் கவனிக்கும் வேலை என் மாணவி மஞ்சுளாவுக்கு. இல்லையென்றால் அவளுக்கு எதுவுமில்லை. என் பேச்சை நம்பி அதே கம்பெனியில் அசெம்பிளி லைன் வேலையை விட்டு வந்தவள், அவள் இடத்தில் வேறு ஆள் போட்டாகிவிட்டது.

மேனேஜர் என்றால்

தொரப்பள்ளியில் விவசாயம் பார்க்கும் மஞ்சுளாவின் அப்பா ஒருநாள் மாடியேறி வந்தார்.

"மேனேஜர்னா கீழ எத்தன பேருங்க?"

"யாரும் இல்லைங்க."

"மேல?"

"எல்லாருமே மேலதாங்க."

மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப லைன்லயே இருந்திருக்கலாமே கண்ணு."

கேள்வி கேட்கப் போனவன்

இன்னொரு மாணவன் சக்திவேல், ஊத்தங்கரைக்காரன். ஸ்டாப்பில் நின்றவர்களிடம், "பஸ் எங்க வருதுன்னு போன்ல தெரிஞ்சா நல்லா இருக்குமா?" என்று கேட்டுவிட்டு வெற்றி வீரனாகத் திரும்பினான். நல்லா இருக்குமா என்று கேட்டால் யார்தான் நல்லா இருக்காது என்பார்கள்? கடைசியாக எப்போது பஸ்ஸைத் தவறவிட்டார்கள், அன்று என்ன செய்தார்கள் என்று கேட்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

தொரப்பள்ளி ஸ்டாப்பில் சாரதா அக்கா என்றொருவர். இவன் கேட்டதும் மேலும் கீழும் பார்த்திருக்கிறார்.

"நான் பஸ்ஸ விட்டதே இல்ல தம்பி. வாயப் புடுங்கினது போதும், போயி எச்.ஆர் கிட்ட அப்படியே சொல்லு."

மேப்பில் ஓடிய பஸ்

அப்படியும் மேப்பில் குட்டி பஸ் ஓடுகிற ஆப்பைத்தான் செய்தோம். சக்திவேல் அதற்குக் கம்பெனி பஸ்ஸின் நீலத்தையே பூசியிருந்தான். முதல் நாள் எல்லோரும் திறந்து பார்த்தார்கள். மறுநாள் ஒருவரும் தொடவில்லை. சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் நிறுத்திவிடலாம் என்று எச்.ஆர் அதிகாரி சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை அவளையும் கூட்டிக்கொண்டு அந்த பஸ்ஸில் ஏறினேன். டிரைவர் முனியப்பாவின் போன் ஒரே ஒரு முறை அடித்து நிற்கும். மறுபடி அடிக்கும், நிற்கும். ஆளே இல்லாத ஸ்டாப்பில் வண்டியை நிறுத்தி, "பேக பாம்மா, பேக!" என்று கன்னடத்தில் அவசரப்படுத்தினார். ஹேர் கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு ஒரு பெண் ஓடிவந்து ஏறினாள். லேட்டாகிறவர்கள் மிஸ்டு கால் கொடுப்பார்களாம். எந்த ஸ்டாப்பிலிருந்து என்று தெரியாததால் அவர் எல்லா ஸ்டாப்பிலும் காத்திருப்பார், லேட்டாகப் போய் கம்பெனி கேட்டில் திட்டு வாங்குவார்.

"நீயும் மிஸ்டு கால் கொடுத்திருக்கிறாயா?" என்றேன் மஞ்சுளாவிடம்.

"தினமும் சார். அதப் போயி யாராவது சொல்லுவாங்களா?" என்றவள், சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"சார், பஸ் எங்க வருதுன்னு எங்களுக்குத் தெரியும். நாங்க எங்க வரோம்னுதான் பஸ்ஸுக்குத் தெரியல!"

ஒரே ஒரு பொத்தான்

மேப்பைத் தூக்கிப் போட்டோம். சக்திவேல் ஒருநாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். 'வர்றேன்' என்று ஒரே பொத்தான்; அழுத்தினால் டிரைவரின் போன் ஸ்டாப்பின் பெயரைச் சத்தமாகச் சொல்லும்.

சனிக்கிழமை காலை மறுபடி அதே பஸ்ஸில் ஏறினோம். முதல் ஸ்டாப்பில் போன் பேசவில்லை. அடுத்ததிலும் இல்லை. மஞ்சுளா முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள். அப்போது போன், "தொரப்பள்ளி, ஒருத்தர்" என்றது. முனியப்பா அங்கே மட்டும் காத்து நின்றார். மூச்சு வாங்க ஏறினார் சாரதா அக்கா. ஷிப்ட் சங்கு ஊதுவதற்கு முன்பே பஸ் கேட்டுக்குள் போய்விட்டது. எச்.ஆர் அதிகாரி எதிரே வந்து கைகொடுத்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மஞ்சுளா அழுதுகொண்டே சிரித்தாள்.

சாரதா அக்கா இறங்கும்போது மஞ்சுளாவின் காதருகே குனிந்தார்.

"பட்டன் அமுக்கினது நான்தான்னு எச்.ஆருக்குத் தெரியாதில்ல?"

சம்பளம்

வேலை உத்தரவு வந்த அன்று மஞ்சுளாவின் அப்பா ஒரு பை நிறைய பீன்ஸோடு மறுபடி மாடியேறினார். நடந்ததையெல்லாம் மகளிடம் பொறுமையாகக் கேட்டார்.

"வர்ற ஆளுக்காக பஸ்ஸ நிறுத்திவெக்கறதுக்குச் சம்பளமா? குடுத்தா வாங்கிக்க கண்ணு."

என் தொழிலை இத்தனை சுருக்கமாக இதுவரை யாரும், நான் உட்பட, விளக்கியதில்லை என்பதால், அடுத்த வகுப்பில் பெற்றோர்களிடம் பேச அவரையே கூப்பிடுவதாக இருக்கிறேன்.